உள்ளே இரண்டு பேர், வெளியே ஒருத்தி

தேன்சிட்டு கூடு கட்டுவதை ஊரே வாயைப் பிளக்கும்படி படம் பிடிப்பது என்று முடிவு செய்தேன். ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரிக்கு இது பெரிய முடிவு. இதற்கு முன் நான் எடுத்த பெரிய முடிவு, நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்பது.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பச்சை உறை. நடுவில் எனக்கென்றே அளவெடுத்த ஒரு பள்ளம். கிழிந்த ஓரமெல்லாம் வெள்ளைப் பஞ்சு.

"இதைத் தூக்கிப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்பாள் மனைவி.

"முதல்ல என்னைத் தூக்கு, பார்ப்போம்" என்பேன் நான், அதில் உட்கார்ந்தபடியே.

அப்படிப்பட்டவள் என் பிறந்தநாளுக்கு எதற்காகக் கேமரா வாங்கித் தந்தாள்? நான் யோசிக்கவேயில்லை. பரிசைக் கண்டால் யார்தான் யோசிப்பார்கள்?

வீட்டுக்குப் பின்னால் காலி மனை. அங்கே ஒரு புதரில்தான் தேன்சிட்டு கூடு கட்ட ஆரம்பித்திருந்தது. சற்றுத் தள்ளி ஒரு துணிக் கூடாரம் அடித்தேன். உள்ளே ஒரு முக்காலி, கேமரா, நான். ஆனால் நான் நுழைவதைப் பார்த்துவிட்ட சிட்டு பக்கத்திலேயே வரவில்லை. இதற்குப் படம் பிடிப்பவர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

"நாம ரெண்டு பேரும் உள்ள போவோம். நீ மட்டும் வெளிய வந்து, அது பார்க்கிற மாதிரி வீட்டுக்குப் போயிடு."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"பறவைக்கு எண்ணத் தெரியாது. ஆள் போயாச்சுன்னு நினைச்சுக்கும்."

"அப்புறம் நீங்க எப்படி வெளிய வருவீங்க?"

"நீ வந்து கூட்டிட்டுப் போகணும். நான் தனியா வந்தா குட்டு உடைஞ்சிடும். அது கூட்டையே விட்டுட்டுப் போயிடும்."

"நான் வர்ற வரைக்கும் வெளிய வரவே மாட்டீங்க?"

"தலையே போனாலும் வரமாட்டேன்!"

அவள் முகம் மலர்ந்தது. கலை ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

தந்திரம் பலித்தது. அவள் போன கொஞ்ச நேரத்தில் சிட்டு வந்தது. முதலில் காய்ந்த நார். அப்புறம் சிலந்தி வலை. அதை எடுத்துவந்து பசை தடவுவதுபோல் ஒட்டியது பாருங்கள், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இவ்வளவு சின்ன தலைக்குள் யார் இந்த வரைபடத்தைப் போட்டது? எங்கே கற்றுக்கொண்டது? என் வாழ்நாளில் எந்தக் கணக்குக் கோப்பையும் இத்தனை ஆசையாகப் பார்த்ததில்லை.

அடுத்த முறை அதன் அலகில் வெள்ளைப் பஞ்சு! இந்தப் பக்கம் பஞ்சு காய்க்கும் மரமே கிடையாதே? மறுபடியும் வந்தது. இப்போது பஞ்சோடு ஒரு பச்சை நூல். எனக்கு ஆவல் தாங்கவில்லை. சிட்டு பறந்த திசையில் லென்ஸைத் திருப்பினேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் தோட்டம். அங்கே மரத்தடியில் என் நாற்காலி. அதில், என் பள்ளத்தில், கச்சிதமாகப் பொருந்திப் படுத்திருந்தது டாக்டரின் நாய்.

போனை எடுத்தேன். கத்த முடியாது. கிசுகிசுத்தேன்.

"என் நாற்காலி!"

"பார்த்துட்டீங்களா? நல்ல லென்ஸ்தான்."

"நாய்க்குக் குடுத்துட்டியா?"

"பாவம், வயசான நாய். டாக்டரே வந்து சந்தோஷமாத் தூக்கிட்டுப் போனார்."

"இதோ, இப்பவே வெளிய வர்றேன்!"

"தாராளமா வாங்க. சிட்டு கூட்டை விட்டுட்டுப் போயிடும், பரவாயில்லையா?"

நான் எழுந்தேன். சிட்டு வந்து உட்கார்ந்தது. அலகு நிறைய என் நாற்காலி. நான் அசையாமல் நின்றேன். நாற்காலி போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் கை தானாகக் கேமராவின் பொத்தானை அழுத்தியது.

"சரி, தொலையுது" என்றேன் போனில். "எப்ப வந்து என்னைக் கூட்டிட்டுப் போவே?"

"நாற்காலி கிடந்த இடத்தைக் கழுவி, என் மேஜையைப் போட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருங்க. அதுல உங்களை மிஞ்ச ஆள் ஏது?"