கேசரியில் விழுந்த சத்து மாத்திரை

ஆர்வக்கோளாறுக்கு இன்னும் மாத்திரை வரவில்லை. வந்தால் முதல் அட்டை எனக்குத்தான் வாங்க வேண்டும்.

அப்போது மணலியில் ஒரு சத்து மாத்திரை கம்பெனியில், தரச் சோதனைப் பிரிவில் எனக்குப் புது வேலை. மாத்திரைகளைச் சூட்டிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் வைத்து, எது நிறம் மாறுகிறது, எது பொதபொதத்துப் போகிறது என்று பார்ப்போம். அதற்கென்று பீரோ சைஸில் மெஷின்கள் உண்டு. எனக்கோ வேறு சந்தேகம். கடல் காற்றில் உப்பு ஜாடியே தண்ணீர் விடும் எங்கள் ராயபுரம் வீட்டில் இதே மாத்திரை என்ன ஆகும்?

கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கி, அட்டையிலிருந்து பிரித்துப் பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டினேன். ஒன்று குளியலறையில், ஒன்று அடுப்பு மேடையில், ஒன்று ரவை டப்பாவுக்குள். (யாரிடமும் சொல்லவில்லை. பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு.) குளியலறை மாத்திரை புள்ளி விழுந்து பிசுபிசுத்தது. ரவைக்குள் இருந்தது புதுசு மாதிரியே ஆரஞ்சு நிறத்தில் பளபளத்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் திருவொற்றியூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே சில இடங்கள் தட்டிப்போயிருந்ததால், இதுவாவது அமைய வேண்டுமே என்று அம்மா நெய்யைக் கொட்டிக் கேசரி கிண்டியிருந்தாள். பையனின் அப்பா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "கலரு சோக்கா கீதும்மா!" என்று பாராட்டு வேறு.

மறுநாள் காலை பையனின் அம்மா போன் செய்தார். அம்மாதான் எடுத்தாள்; அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"இன்னாமா குட்த்தீங்க? வூட்ல அல்லாருக்கும் ஒண்ணுக்கு மஞ்சளா போவுது! காமாலைன்னு அவரு அழுதுகினு கீறாரு!"

ஓடிப்போய் ரவை டப்பாவைத் திறந்தேன். பொட்டலத்தைக் காணோம்.

"அதுவா? கேசரி பவுடரு கட்டியாயிட்ச்சுன்னு நச்சிப் போட்டேன்" என்றாள் அம்மா. (கண்ணாடி போடாமல் சமைப்பது அவள் வழக்கம்.)

போனை வாங்கினேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாங்கினேன், சத்தியமாக. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஆன்ட்டி, லேசான மஞ்சளா, பளிச்சுன்னு மஞ்சளா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இந்தச் சம்பந்தமும் தட்டிப்போயிற்று என்று எனக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் போன் கை மாறியது. பையனின் குரல்.

"அப்பாவுதுதாங்க ரொம்ப பளிச். ரெண்டு தபா துன்னாரு."

விஷயத்தைச் சொன்னேன். உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் அப்படித்தான் வெளியேறும், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். "நாளிக்கும் இப்டியே போவுமா?" என்று பையன் ஆர்வமாகக் கேட்டார். போகாது என்றேன். மறுநாள் போன் செய்து "போவல" என்றார். அதற்கு மறுநாள், சொல்ல எதுவும் இல்லாமலே செய்தார்.

கல்யாணமாகி எத்தனையோ தீபாவளி போய்விட்டது. இன்றைக்கும் நான் எந்த இனிப்பைச் செய்து கொடுத்து "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டாலும், என் மாமனார் நிதானமாக மென்று விழுங்கிவிட்டுச் சொல்வார்:

"காலைல சொல்றேம்மா."