ஏரியில் கரைந்த வீராங்கனை

ஒரு வீராங்கனைக்கு வேண்டிய தகுதிகளில் என்னிடம் இருந்தது ஒன்றுதான்: அன்றைக்கு எனக்கு வேறு வேலை இல்லை.

என் அக்கா கல்லூரியில் ஆங்கிலம் நடத்துபவள். இளம்பெண்களுக்கான மாயாஜால நாவல்களை மூட்டை மூட்டையாகப் படித்தவள். வாள் பிடிக்கிற பெண் எப்போதும் வெள்ளைக்காரி, நம் நிறத்தில் ஒருத்தி வந்தால் அவள் தோழி அல்லது சூனியக்காரி என்று பொருமிப் பொருமி, கடைசியில் தானே ஒரு நாவல் எழுதிவிட்டாள். கொல்லிமலைப் பெண் ஒருத்தி, எந்த ஆணின் உதவியும் இல்லாமல் மந்திரவாதியை வெல்கிற கதை. அட்டைப்படத்துக்கு நான். (கேட்டவர்கள் எல்லோரும் மறுத்த பிறகு என்பது பின்னால் தெரிந்தது.)

கொல்லிமலை வாசலூர்பட்டி ஏரியின் படகுத்துறையில் வைத்து அக்கா என் முகத்தில் பவுடரை அப்பினாள். கழுத்துக்கு மேலே நான் வேறு தேசம், கீழே கொல்லிமலை. "அட்டையில கொஞ்சம் பளிச்சுனு தெரியோணும் கண்ணு" என்றாள், என் கண்ணைப் பார்க்காமல். சின்ன வயதில் கறுப்பி என்று என்னைவிட அதிகமாகக் கேலி வாங்கியவள் அவள்தான். (எனக்கும் அந்தப் பவுடர் பிடித்துத்தான் இருந்தது.)

லைஃப் ஜாக்கெட் போடாமல் விட மாட்டேன் என்றார் படகுத்துறைக்காரர். பட்டுப் பாவாடை, மேலே ஆரஞ்சு ஜாக்கெட், கையில் அட்டை வாள். தனியாகப் படகை மிதித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனேன். எழுந்து நிற்கச் சொல்லி அக்கா கரையிலிருந்து கை காட்டினாள். நிற்கக் கூடாது என்று படகுத்துறைக்காரர் கத்தினார். நின்றேன். வாளை உயர்த்தினேன். படகு ஒரு பக்கம் போனது, நான் இன்னொரு பக்கம் போனேன்.

தண்ணீரிலிருந்து வந்த வீராங்கனையின் முதல் வசனம், "மாமா, காப்பாத்துங்க மாமா!"

கரையில் கேமராவோடு நின்ற மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, நீச்சல் தெரியாது. போட்டோ எடுக்கத் தெரியும். எடுத்துக்கொண்டே இருந்தார்.

பக்கத்துப் படகில் இருந்த இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள்தான் ஆளுக்கொரு தோளைப் பிடித்து என்னை மேலே இழுத்துப் போட்டார்கள். ஒருத்தி என்னையே உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க அக்கா, உங்க மூஞ்சி கரையுதுங்க."

கரை வருவதற்குள் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டார்கள். மலைக்காரப் பெண்தான் நாயகி என்றதும் இரண்டு பேருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. இறங்கும்போது அதே பெண் அக்காவிடம் கேட்டாள்: "நம்மூருப் புள்ளைன்னா, எதுக்குங்க வெள்ளையடிச்சீங்க?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்கா முந்தானையால் என் முகத்தில் மிச்சமிருந்ததைத் துடைத்தாள். பவுடர் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பெண்களின் வீடு தேடிப் போய்ச் சம்மதம் வாங்கி, மாமா எடுத்த படத்தையே அட்டையில் போட்டாள். இரண்டு பெண்கள் ஒருத்தியைத் தண்ணீரிலிருந்து இழுக்கிறார்கள். அதில் என் வாய் திறந்திருக்கும் அகலத்துக்கு மந்திரவாதியே உள்ளே போயிருப்பான்.

போன வருஷம் என் கல்யாணம். நிறத்தைக் கொஞ்சம் ஏத்திடலாமுங்களா என்று மேக்கப் போட வந்த பெண் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் மாமா அமைதியாகச் சொன்னார், "ஏத்துங்க. நான் போயி லைஃப் ஜாக்கெட் எடுத்தாரேன்."

என் நிறத்திலேயே மணவறை ஏறினேன். தாலி கட்டும் படத்தில் எங்கள் வீட்டார் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எதற்கென்று மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.