இராஜபாளையத்து விண்வெளி ஹவில்தார்

"ஏட்டி, நீ படிச்ச இங்கிலீஷ வச்சுச் சோளக் காட்டுல ஒரு காக்காய வெரட்ட முடியுமா?"

நான் பி.ஏ. முடித்துவிட்டு வன்னியம்பட்டிக்குத் திரும்பிய அன்று என் அத்தை கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. அன்றைக்குப் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன். காக்காய் விரட்ட முடியவில்லை, அத்தை. ஆனால் அந்த இங்கிலீஷை வைத்து ஒரு மனிதரை விண்வெளிக்கு அனுப்பி, மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் பத்திரமாகத் தரையிறக்கியிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை வருஷம்.

இராஜபாளையத்திலிருந்து விண்வெளிக்குப் போய் வந்த ஒரே மனிதர் ஹவில்தார்தான். இதை யார் மறுத்தாலும் நான் நேரில் வந்து சண்டை போடுவேன்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். பட்டாளத்தில் ஜீப் ஓட்டி, ஹவில்தாராக ரிட்டயராகி வந்து, பேண்டேஜ் துணி வெட்டிச் சுருட்டி பாக்கெட் போடும் கம்பெனி ஒன்றை அவர் நடத்திக்கொண்டிருந்தார். பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து துணி சுருட்டுவார்கள். எல்லாருக்கும் அவர் ஹவில்தார் சார். அவர் மனைவியே எங்களிடம் பேசும்போது, "ஹவில்தார் சாப்பிட்டாவளா?" என்றுதான் கேட்பார்.

தொண்ணூற்றாறில் அவர் பில் போடுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பில் போட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நான் போய் நின்றேன். டைப்பிங் தெரியுமா என்று கேட்கவில்லை. கணக்குத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, இங்கிலீஷ் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

"நல்லாத் தெரியும் சார்" என்றேன்.

நான் தமிழ் வழியில் படித்தவள். இங்கிலீஷ் பேப்பரில் தப்பித்தேன், அவ்வளவுதான். ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்வதற்கா அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய்ப் படித்தேன்?

வேலை கிடைத்தது. மறுநாள் மதியம்தான் அது என்ன வேலை என்று தெரிந்தது. கம்ப்யூட்டர் விற்றவர் இலவசமாக ஒரு விளையாட்டு சிடியும், ஆட்டிப் பிடிக்கிற கைப்பிடி ஒன்றும் கொடுத்திருந்தார். விண்வெளியில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டு. முந்தின நாள் என் கையில் கொடுத்த சின்னப் புத்தகம் அதோடு வந்ததுதான். வெறுமனே சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை, அதில் கதை இருந்தது. ஒரு பெரிய தாய்க்கப்பல், அதில் ஒரு கர்னல், கூடப் பறக்கும் பைலட்டுகள். ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் பின்னாலும் அவர்கள் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். முழுக்க இங்கிலீஷ், அதுவும் மூக்கால் பேசும் இங்கிலீஷ். அதைத் தமிழில் சொல்லத்தான் ஹவில்தாருக்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

ஒரு மணி அடித்ததும் ஹவில்தார் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடுவார். செருப்பை வெளியே விடுவார். நாற்காலியில் உட்கார்ந்து, ஆறு அங்குல பேண்டேஜ் சுருள் ஒன்றைப் பிரித்து, நெஞ்சைச் சுற்றி நாற்காலியோடு சேர்த்துக் கட்டச் சொல்வார். சீட் பெல்ட். "டைட்டா கட்டு தாயி, திருப்பத்துல தூக்கும்" என்பார். திரையில் கர்னல் வந்தால் எழுந்து விறைப்பாக நிற்க வேண்டும் என்பது அவர் வழக்கம். ஆனால் கட்டியிருப்பதால் நாற்காலியும் கூடவே எழுந்துகொள்ளும். முதுகில் நாற்காலியோடு அவர் சல்யூட் அடிப்பதைப் பார்த்து நானும் வாசலில் எட்டிப் பார்த்த பெண்களும் முதல் வாரம் சிரித்தோம். இரண்டாவது வாரம் கர்னல் வந்ததும் நாங்களும் எழுந்து நின்றோம்.

நடுச் சண்டையில் கரண்ட் போய்விட்டால் எல்லாரும் வெளியே காற்றாடப் போவோம். அவர் மட்டும் அசைய மாட்டார். வேர்த்து ஊற்ற, கைப்பிடியைப் பிடித்தபடி கறுத்த திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு இறங்கி ஓடுகிறவன் டிரைவரா என்று கேட்பார்.

அந்த நாட்களில் அவர் ஸ்கூட்டரில் போவதைப் பார்த்தவர்களுக்கு ஆயுள் கெட்டி. எதிரி குறி வைக்க முடியாதபடி நெளிந்து நெளிந்துதான் ஓட்டுவார். டவுன் பஸ் கண்டக்டர்கள் படியில் தொங்கியபடி அவரைத் திட்டாத நாள் இல்லை. "பட்டாளத்துல இருந்து ரிட்டயராகி வந்தாவன்னு நெனச்சேன். திரும்பச் சேந்துட்டாவ" என்றார் அவர் மனைவி.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். திரையில் அவர்கள் பேசுவதில் எனக்குக் கால்வாசி புரிந்தது. முக்கால்வாசியை நானே சொன்னேன். வாயைத் திறந்தால் கதை தானாக வந்தது. ஹவில்தாரோடு கூடவே பறக்கும் பைலட்டின் பெயர் மில்லர். அவருடைய அப்பா ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு உடைக்கும் இடத்தில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர் என்றேன். ஒரு நாள் மில்லர் ஒரு போட்டோவை எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவருக்கு ஏழு வயதில் ஒரு மகள், அவளுக்குக் காது கேட்காது, ஆபரேஷனுக்காகத்தான் மில்லர் பட்டாளத்தில் சேர்ந்தார் என்றேன்.

அதோடு துணி சுருட்டும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அவர்களில் மூத்தவரான பாக்கியத்தக்கா அந்த மகளுக்கு ராசாத்தி என்று பெயரே வைத்துவிட்டார். காலையில் வேலைக்கு வந்ததும் முதல் கேள்வி, "ராசாத்திக்கு இப்ப எப்படிட்டி இருக்கு?" நான் ஏதாவது சொல்வேன். காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள், இப்படி.

ஆறு மாதம் கழித்து அந்தச் சண்டை வந்தது. மருந்தும் பேண்டேஜும் ஏற்றிய சரக்குக் கப்பல் ஒன்று, ஆளில்லாமல் தானாகவே போவது, அதற்குக் காவலாகப் போக வேண்டும். இது மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது, எழுத்திலேயே காட்டினார்கள். ஹவில்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம சரக்கு போகுது தாயி" என்றார். ஒரு பாக்கெட் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்குள் பின்னால் மூன்று எதிரிகளிடம் தனியாக மாட்டிக்கொண்டார் மில்லர். ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் 'ஹோம்' என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. பிறகு வெளிச்சம். பிறகு ஒன்றுமில்லை.

"என்ன சொன்னான்?" என்றார் ஹவில்தார்.

"என் மகளைப் பாத்துக்கோங்கன்னு சொன்னாரு சார்."

அந்த விளையாட்டில் செத்தவர்களுக்குச் சவ அடக்கமும் உண்டு. பெட்டியை விண்வெளியில் விடுவார்கள், துப்பாக்கி முழங்கும். பாக்கியத்தக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். ஹவில்தார் நாற்காலியோடு எழுந்து, சல்யூட்டை இறக்காமல் நின்றுகொண்டே இருந்தார். மறுநாள் கம்பெனி லீவு. காரணம் கேட்ட பக்கத்துக் கம்பெனிக்காரரிடம், வேண்டப்பட்ட ஒருத்தர் தவறிட்டார் என்று சொல்லியனுப்பினார்.

சேமித்து வைத்த இடத்திலிருந்து விளையாட்டைத் திரும்பத் தொடங்கலாம், மில்லர் உயிரோடு இருப்பார் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"பட்டாளத்துல அப்படி ஒரு பட்டன் கிடையாது தாயி."

பத்து நாள் கம்ப்யூட்டர் பில் மட்டும் போட்டது. பதினோராம் நாள் ஹவில்தார் என்னைக் கூப்பிட்டு, லெட்டர் பேடையும் பேனாவையும் முன்னால் வைத்தார். மில்லரின் மகளுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். நான் விழித்தேன்.

"இது வெளையாட்டுன்னு எனக்குத் தெரியும். நான் கிறுக்கன் இல்ல" என்றார். எழுதினால் போதும், அனுப்ப வேண்டாம், மேஜைக்குள் இருக்கட்டும் என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், ஒரு விஷயம் சொன்னார். பட்டாளத்தில் கூட இருந்த ஒருவர் இறந்தபோது, அவருடைய டிரங்குப் பெட்டியை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க ஹவில்தாரைத்தான் அனுப்பினார்களாம். வாசலில் ஒரு பெண் குழந்தை நின்றிருக்கிறது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல், வந்த பஸ்ஸிலேயே ஏறித் திரும்பிவிட்டாராம்.

"அந்தப் பிள்ளைகிட்டத்தான் ஒண்ணும் சொல்லல. இந்தப் பிள்ளைக்காவது ரெண்டு வரி எழுதணும்."

நான் பேனாவை எடுத்தேன். வைத்தேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் வன்னியம்பட்டியில் அத்தையின் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால், நான் சோறு தின்றுகொண்டே இட்டுக்கட்டிய ஒரு பொய்யை நினைத்து இந்த மனிதர் கடைசிவரை வருந்திக்கொண்டிருப்பார்.

"சார், ராசாத்தின்னு யாரும் இல்ல" என்றேன்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். மில்லரின் அப்பா மில்லில் வேலை பார்க்கவில்லை. மகள் இல்லை. இருந்தாலும் எனக்குத் தெரியாது. கடைசியில் மில்லர் என்ன சொன்னார் என்பதும் தெரியாது. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியாது சார்.

அந்த வார்த்தையை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹவில்தார் மூச்சு விடும் சத்தம் கேட்டது, சுமை இறக்கி வைத்தவர் விடுவதுபோல.

"அப்ப, அப்பன் இல்லாம அழுகுறதுக்கு அங்க ஒரு பிள்ள கிடையாது?"

"இல்ல சார்."

"நல்லவேள" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேள தாயி."

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாள் ஒரு மணிக்கு பேண்டேஜ் சுருளை நீட்டினார். பழைய இடத்திலிருந்து வேண்டாம், புதிதாகப் பட்டாளத்தில் சேரலாம், முதலிலிருந்து போகலாம் என்றார். ஒரு நிபந்தனை: புரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும், புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல வேண்டும். முதல் கூட்டத்தில் கர்னலுக்குப் பக்கத்தில் மில்லர் வந்து உட்கார்ந்ததும் பாக்கியத்தக்கா சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "ஏலே, வந்துட்டியா" என்றார்.

ஆனால் கதை படுத்துவிட்டது. பத்து வாக்கியத்துக்கு ஏழு தடவை, புரியல சார், புரியல சார் என்றேன். பெண்கள் என்னை மன்னிக்கவில்லை. "பொய்யா இருந்தாலும் முந்தி எம்புட்டு நல்லா இருந்துச்சு" என்றார் பாக்கியத்தக்கா. ராசாத்தியை மட்டுமாவது திருப்பிக் கொண்டுவரக் கூடாதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டிக்‌ஷனரி வாங்கினேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். ஏழு புரியல ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று.

மறுபடியும் அதே சரக்குக் கப்பல் வந்தது. பாதி வழியில் மில்லர் மாட்டிக்கொண்டார். ஹவில்தார் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. விமானத்தை அப்படியே திருப்பினார். பின்னால் கப்பல் வெடித்தது, அத்தனை மருந்தும் அத்தனை பேண்டேஜும்.

"சரக்குப் போனா திரும்ப நெய்துக்கலாம்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

கர்னல் அன்று விட்ட டோஸ் கொஞ்சமில்லை. என்ன சொல்கிறார் என்று ஹவில்தார் கேட்டார். "முழுசும் புரியல சார். ஆனா நல்லாத் திட்டுறாரு" என்றேன். ஹவில்தார் நாற்காலியோடு விறைப்பாக நின்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

அந்த விளையாட்டில் சரக்கு போனால் கதை வேறு பக்கம் திரும்பிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஊர் ஊராக, இல்லை, கிரகம் கிரகமாகப் பின்வாங்கினோம். கடைசியில் போரில் சுத்தமாகத் தோற்றோம். தாய்க்கப்பல் ஓடி ஒளிந்தது, அதன் ஜன்னலோரம் மில்லர் நின்றுகொண்டிருந்தார். ஹவில்தார் அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வரவழைத்து ஆளுக்குக் கால் கிலோ கொடுத்தார். தோற்ற போருக்கு இனிப்புக் கொடுத்த ஒரே பட்டாளம் நாங்களாகத்தான் இருக்கும்.

மேலே படிக்க மதுரைக்குப் போகிறேன், எம்.ஏ. இங்கிலீஷ் என்று போன மாதம் அவரிடம் சொன்னேன். அந்தப் புரியாத மூக்குப் பேச்சுதான் என்னை அதில் இழுத்துவிட்டது. அவர் ஒன்று கேட்டார்.

"மில்லர் கடைசியா என்ன சொன்னான்னு இப்பப் போட்டுக் கேட்டா ஒனக்குப் புரியுமா?"

"புரியும்னு நெனைக்கிறேன் சார்."

"கேக்க வேண்டாம். அதக் கேக்கணும்னா அவனச் சாக விடணும்."

நான் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்கு அவரே வந்தார். டயர்களைக் காலால் தட்டிப் பார்த்தார். டிரைவரிடம் லைசென்ஸ் எடுத்து எத்தனை வருஷம் என்று விசாரித்தார். பஸ் நகர்ந்ததும் கூட்டத்துக்கு நடுவே காலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி ஒரு சல்யூட் வைத்தார். அது தனக்குத்தான் என்று நினைத்து டிரைவர் பதிலுக்கு ஹாரன் அடித்தார். அவர் ஆசையை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் திருப்பத்தைத் தாண்டும்வரை ஹவில்தார் கையை இறக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. அறை நிறையப் பட்டணத்துப் பிள்ளைகள். பேராசிரியர் ஒரு பக்கத்தைக் கடகடவென்று படித்துவிட்டு, யாருக்காவது புரியவில்லையா என்று இங்கிலீஷில் கேட்டார். எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.