பின்சீட்டின் சொந்தக்காரி

நம்மவர் வாயில் நுரையோடு எடுத்த முடிவுகள் எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை. இருந்தாலும் அந்த வியாழக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே இன்னொரு முடிவை எடுத்தார். இனி எந்தப் பேருந்துக்கும் காத்து நிற்பதில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிட வேண்டியதுதான்.

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவு குமாஸ்தா. லிஃப்ட் நின்றுபோனவர்கள் போனில் கத்துவார்கள். இவர் பொறுமையாக எழுதிக்கொள்வார். ஆள் போய்ப் பார்க்கும்போது லிஃப்ட் ஒழுங்காக ஓடும். உடனே நோட்டில் 'பரிசோதனையின்போது குறை ஏதும் தென்படவில்லை' என்று எழுதி மூடிவிடுவார். இருபது வருஷமாக இந்த ஒரு வரியில்தான் அவர் சம்பளம் வாங்கினார்.

ஆபீசில் அவரை யாரும் சட்டை செய்வதில்லை. வீட்டிலும் அவர் குரல் மின்விசிறியின் குரலைவிடச் சின்னது. அவர் நெஞ்சை நிமிர்த்தி உட்காரும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஊரின் மறுகோடியில் இருந்த கேரம் கிளப். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே அவர் ராஜா. அவர் சிவப்புக் காயைக் குறிபார்த்தால் நாலு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மிச்ச நாட்களை அவர் சகித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பக்கம் போகும் பேருந்து, வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

வீட்டம்மா முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் தைப்பவள். மிஷின் மக்கர் பண்ணினால் தானே பிரித்து, தானே எண்ணெய் விட்டு, தானே மாட்டிவிடுவாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் மிஷின் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"வண்டி எதுக்கு?"

"ஆபீசுக்குத்தான்."

"ஆபீசு அடுத்த தெருவுலதானே இருக்கு?"

"நடந்து நடந்து முட்டி தேஞ்சுபோச்சு."

"சரி, அதுல எனக்கு என்ன?"

"உனக்கென்ன குறைச்சல்? பின்சீட்டு முழுசா இருக்கு. அது உன்னுதுன்னே வெச்சுக்கோ. எப்ப வேணா ஏறிக்கோ."

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் இப்படி நிறைய கொடுத்திருக்கிறார். கடற்கரை, மிருகக்காட்சி சாலை, அவளுடைய அக்கா வீடு எல்லாமே 'அடுத்த வாரம்'தான். அடுத்த வாரம் வந்தால் அதில் ஒரு சனிக்கிழமையும் சேர்ந்து வந்துவிடும். வீட்டம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "பின்சீட்டு என்னுது. சரி" என்றாள்.

பழைய வண்டிகள் விற்கும் கடையில் விற்பனையாளன் முப்பத்திரண்டு பல்லையும் காட்டியபடியே இருந்தான். பேசும்போதும் காட்டினான், பேசாதபோதும் காட்டினான்.

"கண்ணை மூடிட்டு எடுத்துக்கங்க சார். ஒரு புருஷன் பொண்டாட்டி வெச்சிருந்த வண்டி. ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட நடுவழியில நின்னதில்ல."

"ஓட்டிப் பார்க்கலாமா?"

"தாராளமா!" என்று அவனே பின்னால் ஏறிக்கொண்டான். வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. மூன்று மாத வாரண்டி வேறு. போதாக்குறைக்கு, பெண்கள் பேரில் பதிவு செய்தால் இரண்டாவது ஹெல்மெட் இலவசமாம்.

இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் நம்மவருக்கு மூளை தனியாக வேலை செய்யும். வண்டியை வீட்டம்மா பேரில் எழுதினார். அவள் போன் நம்பரைக் கொடுத்தார். கடைப் பையனைப் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்கு ஓட்டி வந்து, "எப்படி என் சாமர்த்தியம்?" என்று இரண்டு ஹெல்மெட்டையும் மேஜை மேல் வைத்தார். ஒன்றைப் பரணில் போடுவதாக அவருக்குத் திட்டம். வீட்டம்மா அதைத் தலையில் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. நம்மவர் தலைவாரி, பவுடர் போட்டு, தன்னந்தனியாகக் கிளம்பினார். முதல் வேகத்தடையில் வண்டி இருமியது. இரண்டாவதில் நின்றேவிட்டது. உதைத்தார். கெஞ்சினார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் திட்டினார். கடைசியில் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"வண்டி நின்னுபோச்சு."

"நான் வேணா பின்னால உட்காரட்டுமா? இறங்கித் தள்ளவாவது ஒரு ஆள் ஆச்சு."

வேறு வழியில்லாமல் ஏற்றிக்கொண்டார். அதே தெரு. அதே வேகத்தடை. வண்டி ஒரு முனகல் இல்லாமல் கிளப் வாசல்வரை போய் நின்றது.

அன்றைக்குத்தான் அவர் ராஜ்யத்தில் முதல் விரிசல். ஓரமாக உட்கார்ந்திருந்த வீட்டம்மாவை, "நீங்களும் ஒரு ஆட்டம் ஆடுங்க தங்கச்சி" என்று யாரோ வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார்கள். பதினேழு வருஷமாக ஊசிக் காதில் நூல் கோத்த கண். விரலைச் சுண்டினால் காய் கேட்ட இடத்துக்குப் போனது. நாலு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். நம்மவரும் அந்த நாலு பேரில் ஒருவராக இருந்தார்.

திங்கட்கிழமையே வண்டியைத் தள்ளிக்கொண்டு கடையில் போய் நின்றார்.

"வண்டி நிக்குது."

"ஸ்டாண்டு போட்டா நிக்கத்தானே சார் செய்யும்?"

"ஓடும்போது நிக்குதுய்யா!"

மெக்கானிக்கை அழைத்தார்கள். நிதானமான மனுஷர். நம்மவரை ஓட்டச் சொல்லித் தான் பின்னால் உட்கார்ந்தார். ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். வண்டி நிற்கவில்லை.

"ஆள் ஏறினா ஓடுதுங்க. தனியாப் போனாத்தான் நிக்குது. நீங்க மட்டும் ஓட்டிப் பாருங்களேன்."

"கஸ்டமர் இல்லாம வண்டியை வெளிய எடுக்கக் கூடாதுங்க. அது ரூல்."

"அப்ப நான் மட்டும் ஓட்டறேன்."

"சர்வீசுக்கு வந்த வண்டியை எங்க ஆள் இல்லாம அனுப்பக் கூடாதுங்க. அதுவும் ரூல்."

"அப்ப ஒத்தை ஆள் எப்பத்தான் ஓட்டிப் பார்க்கறது?"

"அதுக்கு ரூல் இல்லைங்க."

விற்பனையாளன் பல்லைக் காட்டிக்கொண்டே சர்வீஸ் அட்டையை நீட்டினான். அதில் எழுதியிருந்தது: 'பரிசோதனையின்போது குறை ஏதும் தென்படவில்லை.' நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் பெற்ற பிள்ளையே தன்னை வந்து அடித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகள் எல்லாம் இரட்டைச் சவாரிதான். போகிற வழியில் கடற்கரை வந்தது. "இங்கதான் இருக்கா கடல்? சும்மா ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க" என்றாள். ஒரு நாள் அக்கா வீடு வந்தது. கிளப்பில் அவளுக்கென்று தனி நாற்காலி போட்டார்கள். நம்மவர் உள்ளே நுழைந்தால் முகங்கள் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தன.

இரண்டாவது மாதம் வண்டியை ஒரு நாள் முழுக்கக் கடையிலேயே விட்டார். "பிரிச்சு மேயுங்க. எனக்குக் காரணம் தெரிஞ்சாகணும்" என்று மேஜையைத் தட்டினார். சாயங்காலம் போனால் மெக்கானிக் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையை விற்பனையாளன்தான் கொடுத்தான். அதே வரி. அதே பல்.

வீட்டில் வந்து குதித்தார்.

"கொள்ளைக்காரப் பசங்க! ஒண்ணுமே இல்லைன்னு சாதிக்கறான்."

"ஓடுதுல்ல? அப்புறம் என்ன?"

"நீ ஏறினாத்தானே ஓடுது!"

"அது என் தப்பா?" என்று வீட்டம்மா மிஷினை ஓட்டினாள். அன்றைக்கு மிஷின் கொஞ்சம் வேகமாகவே ஓடியது.

நம்மவர் யோசித்தார். வண்டிக்கு வேண்டியது ஆளா, எடையா? அடுத்த சனிக்கிழமை வீட்டம்மா அளவெடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அந்த இடைவெளியில் அவர் சமையலறை மூலையில் இருந்த முழு கேஸ் சிலிண்டரைத் தூக்கி வந்தார். பின்சீட்டில் வைத்து, கொடிக்கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினார். உதைத்தார். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. எடைதான்! நம்மவர் விசிலடித்தார்.

விசில் தெருமுனைவரைதான். மாடியிலிருந்து ஒரு அம்மாள், "இந்தாப்பா சிலிண்டர், எங்க வீட்டுக்கு எப்ப கொண்டு வர்றே?" என்று கேட்டாள். அடுத்த தெருவில் இரண்டு பேர் கையைக் காட்டி நிறுத்தினார்கள். கிளப்பில், "தங்கச்சி எங்கே?" என்றார்கள். வரவில்லை என்றார். "அப்ப அவங்களுக்குப் பதிலா சிலிண்டரா ஆடப் போகுது?" என்றார்கள். அன்றைக்கு அவர் ஜெயித்தார். ஆனால் யாரும் மூச்சை அடக்கவில்லை. ஒருவர் கொட்டாவிகூட விட்டார்.

திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்து, பாதி வெந்த சோற்றோடு வீட்டம்மா வாசலில் நின்றிருந்தாள். சிலிண்டர் பின்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து வந்தது.

"அடுப்புல இருந்தது தீந்துபோச்சு. மாத்தலாம்னு பார்த்தா மூலை காலியா இருக்கு."

"இல்ல... சும்மா... ஒரு ரவுண்டு..."

அவள் கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

"பரவால்ல. அதையாவது கூட்டிட்டுப் போகணும்னு தோணுச்சே."

நம்மவருக்குச் சுருக்கென்றது. ஆனால் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதற்குள் சரியாகிவிட்டது.

வாரண்டியின் கடைசி நாளும் ஒரு சனிக்கிழமையாக வந்து தொலைத்தது. மத்தியானமே வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனார். விற்பனையாளன் சாப்பிடப் போயிருந்தான். மெக்கானிக் மட்டும் இருந்தார். வியர்வையில் நனைந்த நம்மவரைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகப் போய்விட்டது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சார், அம்மா உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?"

"எந்த அம்மா? என்ன சொல்லலை?"

"பின்சீட்டுக்கு அடியில ஒரு ஒயர் லூசா இருக்குங்க. மேல ஆள் உட்கார்ந்தா சீட்டு அமுங்கி ஒயர் ஒட்டிக்கும். ஆள் இல்லைன்னா ஆட்டத்துல விட்டுப்போயிடும். போன தடவையே கண்டுபிடிச்சிட்டேன். முன்னாடி வெச்சிருந்தவங்க எப்பவும் ஜோடியாத்தான் போவாங்க. அதனால அவங்களுக்குத் தெரியவே இல்ல."

"கண்டுபிடிச்சா சரி பண்ண வேண்டியதுதானேய்யா!"

"சீட்டைப் பிரிச்சு வேலை செய்ய உரிமையாளர் சம்மதம் வேணும். ரெக்கார்டுல இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். அம்மா பொறுமையாக் கேட்டாங்க. 'ரெண்டு பேர் போனா ஓடும்ல? அப்ப அப்படியே விட்டுடுங்க'ன்னாங்க. 'அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன்'னும் சொன்னாங்க."

நம்மவர் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இப்பச் சரி பண்ணுங்க. அஞ்சு நிமிஷ வேலைதானே?"

"மூணு நிமிஷம்தாங்க. அம்மா கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. ஆறு மணிக்குக் கடை மூடிடுவோம்."

ஒரு படிவத்தைக் கொடுத்தார். மேலே 'குறையின் விவரம்'. கீழே 'உரிமையாளர் கையெழுத்து'.

வழியெல்லாம் தள்ளிக்கொண்டே யோசித்தார். ஒயரைத் தெருமுனை மெக்கானிக்கே முறுக்கி விடுவான். கையெழுத்தும் வேண்டாம், படிவமும் வேண்டாம். ஆனால் வண்டி தனியாக ஓட ஆரம்பித்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் இருபத்து நாலு மணி நேரமும் அதே வீட்டில்தானே இருக்க வேண்டும்?

வீட்டம்மா தலையில் ஹெல்மெட்டோடு வாசலில் தயாராக நின்றிருந்தாள். ஆட்டத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நம்மவர் படிவத்தை நீட்டினார். அவள் எழுத்துக்கூட்டாமல் ஒரே பார்வையில் படித்தாள்.

"மெக்கானிக் சொல்லிட்டாரா?"

"எனக்குத் தெரியாம இப்படிப் பண்ணலாமா நீ?"

"பின்சீட்டு என்னுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? என் சீட்டுக்கு அடியில இருக்கிற ஒயரைத்தான் விட்டுடச் சொன்னேன்."

"எதுக்கு?"

"பதினேழு வருஷமா ஜன்னல் வழியா இந்தத் தெருவைத்தான் பார்த்தேன். அதோட மறுமுனையில என்ன இருக்குன்னு இந்த மூணு மாசமாத்தான் தெரியும். எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதுக்குத்தான்." ரவிக்கைத் துணியில் குறி போடும் பேனாவை இடுப்பிலிருந்து எடுத்தாள். "கையெழுத்துப் போடறேன். மேல காலியா இருக்கே, குறை என்னன்னு நீங்க முதல்ல எழுதுங்க."

நம்மவர் பேனாவை வாங்கினார். படிவத்தை வண்டியின் பின்சீட்டில் வைத்துக் குனிந்தார். 'மனைவி கூட வருகிறாள்' என்று எழுதுவதா? 'வந்து என்னைத் தோற்கடிக்கிறாள்' என்று எழுதுவதா? பேனா வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் காத்துக்கொண்டிருந்தன. அவர் மறுபடி குனிந்தார். இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகவே எழுதியது: 'பரிசோதனையின்போது குறை ஏதும் தென்படவில்லை.'

வீட்டம்மா படித்துப் பார்த்தாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவர் தோளைத் தட்டினாள்.

"சரி, வண்டியை எடுங்க. இன்னிக்கு வேணும்னா ஒரு ஆட்டம் உங்களுக்கு விட்டுக்கொடுக்கறேன்."