ஒலிக்காததை ஒழிப்போம்!

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் வெகு காலம் சும்மாவே இருந்தான். மறுபடியும் அவன் உருப்படியாக ஏதாவது செய்தான் என்றால் அது தெற்குக் கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில், திரு. பட்டாபிராமன் அவர்களின் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில்தான். 'நைஃப்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலையில் நூற்றாண்டுகளாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த 'கே' என்ற எழுத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கேதான் பலத்த கைதட்டலுக்கிடையே பதவிநீக்கம் செய்தோம். கைதட்டியவன் நான்.

என் பெயர் அனந்தகிருஷ்ணன். 'அகில உலக ஆங்கில எழுத்து நேர்மைச் சங்கம், லேக் கார்டன்ஸ் கிளை'யின் இணைச் செயலாளர். யாருக்கு இணை என்று கேட்காதீர்கள், செயலாளர் என்று ஒருவர் கிடையாது. மற்றக் கிளைகள் எங்கே என்றும் கேட்காதீர்கள்.

தலைவர் பட்டாபிராமன் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழாம் வகுப்பில் 'நிமோனியா'வை 'என்' எழுத்தில் ஆரம்பித்து எழுதியதற்காக அவரைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினார்களாம். அந்தச் சனியன் பிடித்த சொல் 'பி'யில் ஆரம்பிக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பெஞ்சிலிருந்து அவர் இன்றுவரை இறங்கவில்லை.

"அந்தப் பி எதுக்கு ஓய் அங்க நிக்கறது?" என்பார் என்னிடம். "வேலையும் செய்யறதில்லை, சத்தமும் போடறதில்லை, ஆனா முதல் வரிசையில இடம் மட்டும் வேணும். எங்க ஆபீஸ் பூரா அப்படித்தான் இருந்தா. அவாள்ல ஒருத்தனைக்கூட என்னால தூக்க முடியலை. எழுத்தையாவது தூக்கறேன்."

இதைவிடத் தெளிவான தத்துவப் பின்னணி எந்த இயக்கத்துக்கும் அமைந்ததில்லை.

சங்கத்தின் கோஷம் 'ஒலிக்காததை ஒழிப்போம்'. பலகை எழுதி ஹாலில் மாட்டியிருக்கிறோம். தலைவருக்கு ல, ழ, ள மூன்றும் ஒன்றுதான். எனவே கூட்டத் தொடக்கத்தில் அவர் கையை உயர்த்தி "ஒளிக்காததை ஒளிப்போம்!" என்று முழங்குவார். ஒளித்து வைக்காத எதையோ ஒளித்து வைக்கப் போகிறோம் போலிருக்கிறது என்று நினைத்தபடி நானும் கையை உயர்த்துவேன்.

துணைத் தலைவர் கீழ் வீட்டு சுஷாந்தோ கோஷால், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். எங்களோடு அவர் பேசுவது ஆங்கிலம்தான், இங்கே வரும் தமிழாக்கம் என்னுடையது. அவர் தலைவரை 'பொட்டாபிதா' என்பார். வங்காளத்தில் அண்ணாவுக்கு 'தாதா' என்று பெயர், ஆள் பெயரோடு சேரும்போது வெறும் 'தா'. நான் ஊருக்கு வந்த புதிதில் எல்லாரும் எல்லாரிடமும் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே என்று பயந்து யாரிடமும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் அடிப்படை விதி ஒன்றே ஒன்று: சொல்கிறபடி எழுது. ஆங்கிலேயர்கள் எழுதுவது ஒன்று, படிப்பது வேறொன்று. அது அயோக்கியத்தனம். வங்காளத்தில் 'லக்ஷ்மி' என்று எழுதி 'லொக்கி' என்று படிப்பார்கள். அது இலக்கணம் என்றார் கோஷால். தமிழில் காக்காவுக்கும் சங்குக்கும் மகளுக்கும் ஒரே 'க'வை வைத்து ஒப்பேற்றுகிறோம். அது சிக்கனம் என்றார் தலைவர். இரண்டையும் ஒரு மனதாக ஏற்றுக்கொண்டோம்.

முதல் நெருக்கடி 'வோட்' என்ற சொல்லில் வந்தது. அதைச் சொல்கிறபடி எழுதுவது என்றால், யார் சொல்கிறபடி?

"போட்," என்றார் கோஷால். வங்காளிகளின் வாயில் 'வ' நுழைந்தால் 'ப'வாகத்தான் வெளியே வரும். "பியும் ஹெச்சும் போட்டு ஆரம்பிக்க வேண்டும். பெரி சிம்பிள், பொட்டாபிதா."

"வியும் வேண்டாம், பியும் வேண்டாம்," என்றார் தலைவர். "ஓட்டு! எங்காத்துல மூணு தலைமுறையா ஓட்டுதான் போடறோம்."

நான் மெதுவாக "வோட்" என்றேன். இருவரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

ஜனநாயக முறைப்படி 'வோட்'டை எப்படி எழுதுவது என்று வோட்டெடுப்பு நடத்தினோம். மூன்று துண்டுச் சீட்டு. ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தோம். எழுத்துப் பிழை காரணமாக ஒவ்வொருவரும் மற்ற இருவரின் சீட்டும் செல்லாது என்று அறிவித்தோம். அந்தச் சமயத்தில் சமையலறையிலிருந்து தலைவரின் மனைவி மாலினி அம்மாள், "போட்டாச்சு, போட்டாச்சு, இதோ எடுத்துண்டு வரேன்!" என்று குரல் கொடுத்தார். அவர் சொன்னது போண்டாவை. கோஷால் அதைத் தன் பக்கம் விழுந்த வாக்காகக் கணக்கில் சேர்த்துப் பெரும்பான்மை கோரினார். போண்டா சூடாக இருந்ததால் விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

அன்றுதான் மிருதுளா கூட்டத்துக்குள் வந்தாள். தலைவரின் ஒரே பெண். சால்ட் லேக்கில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் வங்காளிதான் முந்திக்கொண்டு வரும்.

"துர் பாபா!" என்று பையைச் சோபாவில் எறிந்தாள். 'பாபா' என்றால் அப்பா என்றாலும், அது வங்காளிகளின் வெறும் அலுப்புச் சொல். அப்பாவைச் சொன்னதல்ல என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

"என்னடி ஆச்சு?"

"பாஸ்போர்ட்டை நிறுத்தி வெச்சுட்டா அப்பா. உன் பேர்தான் ப்ராப்ளம். என் பர்த் சர்டிஃபிகேட்ல எந்த ஆபீஸ் தாதாவோ உன்னைப் 'பொட்டோபிரமன்'னு எழுதிட்டார். ஸ்கூல் சர்டிஃபிகேட்ல ஒழுங்கா பட்டாபிராமன். உன் ஆதார்ல..." ஒரு முறை மூச்சு வாங்கிக்கொண்டாள். "'பட்டா' முடிஞ்சதும் கூட ஒரு ஏ, 'பி'க்கு ரெண்டு ஐ, கடைசில ரெண்டு என். கவுண்டர்ல அந்த மனுஷர் மரியாதையாத்தான் கேட்டார், உங்களுக்கு மொத்தம் எத்தனை அப்பான்னு."

இங்கே தலைவரின் வாழ்க்கை வரலாற்றை நான் கொஞ்சம் தொட்டுக்காட்ட வேண்டும். உதவி மேலாளராகவே பல வருஷம் தேங்கிக் கிடந்தவர், மேற்கு மாம்பலத்தில் ஓர் எண்கணித நிபுணரைப் பார்த்தார். நிபுணர் பெயரைக் கூட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஒரு ஏ, ஒரு ஐ, ஒரு என் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்த்தார். துணை மேலாளர் ஆனார். அதற்கு முந்தின மாதம் பழைய துணை மேலாளர் ஓய்வு பெற்றிருந்தார் என்பது வேறு விஷயம். பழைய ஸ்பெல்லிங்கை இனி உங்கள் கையால் எழுதவே கூடாது, எழுதினால் வந்ததெல்லாம் போய்விடும் என்பது நிபுணரின் கண்டிப்பான உத்தரவு.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை அப்பா," என்றாள் மிருதுளா. "மூணும் ஒரே ஆள்தான்னு ஒரு அஃபிடவிட். மூணு பேரையும் உன் கையால எழுதி ஒரு சைன். அவ்வளவுதான். ஹாம்பர்க்ல ஜாயினிங் டேட் சொல்லிட்டா. அதுக்குள்ள பாஸ்போர்ட் வரலைன்னா வேற ஆளை எடுத்துப்பா. இந்த வேலைக்கு நான் எப்படி உழைச்சேன்னு உனக்குத் தெரியும்."

தலைவர் போண்டாவைத் தட்டில் வைத்தார். "மூணும் ஒண்ணுதான்னு எழுதினா, கூட்டின எழுத்துக்கு மதிப்பே இல்லைன்னு நானே ஒத்துண்ட மாதிரி. அது முடியாது."

"அந்த எக்ஸ்ட்ரா 'என்' சத்தமே போடலையே அப்பா! ஒலிக்காததை ஒழிப்போம்னு உன் தலைக்கு மேல போர்டு தொங்கறது!"

"சத்தம் போடாம வேலை செய்யறதுடி!" என்றார் தலைவர்.

நான் மினிட்ஸில் 'தலைவர் கொள்கை விளக்கம் அளித்தார்' என்று குறித்துக்கொண்டேன்.

"ஒரு கையெழுத்துதானே, போட்டுடுங்கோளேன். குழந்தை முகத்தைப் பாருங்கோ," என்றார் மாலினி அம்மாள், காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றபடி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள போ."

அம்மாள் உறுப்பினர் அல்லாததால் அவருடைய கருத்து குறிப்பில் இடம்பெறவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று மிருதுளா என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இணைச் செயலாளர் தலைவரோடு இணைந்து போக வேண்டியவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சட்னியைப் பார்த்தேன்.

அடுத்த சில வாரங்கள் சங்கத்தின் பொற்காலம். சீர்திருத்திய எழுத்திலேயே ஒரு கோரிக்கை மனு தயாரித்து லண்டனில் உள்ள ஒரு மொழிக் கழகத்துக்கு அனுப்பினோம். பாதி தலைவர் உச்சரித்தபடியும் பாதி கோஷால் உச்சரித்தபடியும் எழுதப்பட்டது. பதில் உடனே வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. இது எந்த மொழி என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. தயவுசெய்து ஆங்கில மொழிபெயர்ப்புடன் அனுப்பவும்.'

"பயந்துட்டான்," என்றார் தலைவர்.

"பெரி மச் பயந்துவிட்டான்," என்றார் கோஷால். வெற்றியைக் கொண்டாட நோலேன் குட் சந்தேஷ் என்ற வங்காள இனிப்பு வாங்கி வந்திருந்தார். ஈச்சவெல்ல வாசனை ஹாலெங்கும் பரவியிருந்த அந்த வேளையில் மிருதுளா தன் அறையிலிருந்து வந்தாள். கையில் கருநீலப் புத்தகம்.

"அட, வந்துடுத்தா!" தலைவர் எழுந்தே விட்டார். "பார்த்தேளா ஓய்? நான் விட்டுக் கொடுக்கவே இல்லை. எழுத்தோட சக்தி அது!"

"ஆமாம் அப்பா," என்றாள் மிருதுளா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். "அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் பேர் குடுத்தாப் போதுமாம். அம்மா பேரைக் குடுத்தேன். எல்லா சர்டிஃபிகேட்லயும் ஒரே மாதிரி இருக்கு. மாலினி. எந்த தாதாவும் தப்பா எழுதலை. நீயும் அதுல எந்த லெட்டரும் சேர்க்கலை."

உண்மைதான். அந்த அம்மாளின் எண்ணைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

தலைவர் புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "பேர் வெறும் மிருதுளான்னு இருக்கே. இனிஷியல் எங்க?"

"எடுத்துட்டேன். அலிப்பூர் கோர்ட்ல அஃபிடவிட், பேப்பர்ல விளம்பரம், எல்லாம் முறைப்படிதான். இத்தனை வருஷமா பேருக்கு முன்னால அந்தப் பியை எழுதிண்டே இருந்தேன் அப்பா. ஒருத்தரும் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. தேவைப்பட்ட அன்னிக்கும் அது சத்தம் போடலை." புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நிமோனியா மாதிரி," என்றாள்.

கோஷாலுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் அவர் சந்தேஷ் டப்பாவை மூடிவிட்டார். உள்ளே மாலினி அம்மாள் எதையோ பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மிளகாய்ப்பொடியாக இருக்கும். மிருதுளா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்தேன். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் தீர்மானம் போட்டு ஒழித்த எழுத்துகள் அனைத்தும் அந்தந்தச் சொல்லில் பத்திரமாகவே இருக்கின்றன. நைஃபின் தலையில் 'கே' கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. உண்மையிலேயே ஓர் எழுத்து ஒழிந்தது இதுதான் முதல் தடவை. எனவே எழுதினேன்: 'ஒலிக்காத ஓர் எழுத்து இன்று அதிகாரபூர்வமாக நீக்கப்பட்டது. இந்த மகத்தான சாதனைக்கு முழுக் காரணம் தலைவர் பட்டாபிராமன் அவர்களே.'

தலைவர் கை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நான் எழுதிய வரியை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டுவார் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டேன். அவர் பேனாவைத் திறந்தார்.

மினிட்ஸை நாங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவது வழக்கம். அவசரத்தில் நான் அவர் பெயரின் கடைசியில் ஒரே ஒரு 'என்' போட்டிருந்தேன். தலைவர் அங்கே இன்னொரு 'என்' எழுத்தை நுணுக்கமாகச் செருகி, கீழே கையெழுத்திட்டு, புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

தலைவர் எப்போதும் சரியாகத்தான் சொல்வார். அந்தக் கூடுதல் எழுத்து சத்தமே போடவில்லை. ஒரு பெண்ணின் பெயரிலிருந்து அவளைப் பெற்றவனைப் பிரித்தெடுக்கும் வேலையை மட்டும் கச்சிதமாகச் செய்து முடித்திருந்தது.