அடுசெய் ஐயாவின் முழங்கால்

சட்டம் கடுமையாக இருக்க வேண்டும் என்பவர்களில் ஓர் இனம் உண்டு. அந்தச் சட்டம் எதிர்வீட்டிலிருந்து தொடங்கினால் அவர்களுக்குப் போதும்.

கானா நாட்டின் குமாசி நகரத்தில் இந்த இனத்துக்கு அடுசெய் ஐயாவைவிட நல்ல மாதிரி கிடைக்காது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காலையில் கென்கி என்ற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிட்டுக் கை கழுவியதும் வானொலிக்குப் போன் போடுவார். டிராமடால் என்ற வலி மாத்திரை போதையாகிப் பிள்ளைகளைப் பாழாக்குகிறது, மருத்துவர் சீட்டில்லாமல் அதை விற்கிற கடைகளைப் பூட்ட வேண்டும், பூட்டிய சாவியை ஏரியில் எறிய வேண்டும் என்பார். பேசி முடித்ததும் எங்கே போவார்? அச்சியாவின் மருந்துக் கடைக்கு.

அச்சியாவின் உரிமம் தலைவலி மாத்திரைக்கும் புண் களிம்புக்கும்தான். மூன்று வருடம் அலைந்து வாங்கியது. டிராமடால் ஓர் அட்டை அகப்பட்டாலும் உரிமம் போய்விடும்.

"முழங்காலுக்கு ரெண்டு அட்டை குடும்மா."

"அது இங்க கிடையாதுங்கய்யா. டாக்டர் சீட்டோட பெரிய ஃபார்மசிக்குப் போங்க."

"சீட்டெல்லாம் போதைக்காரனுக்கு. நான் உன் அக்காவுக்குப் பாடம் எடுத்தவன்."

"இப்பத்தானே ரேடியோல கடையைப் பூட்டணும்னீங்க?"

"அது மத்த கடையை. உன்னையச் சொல்வேனா?"

அவள் தலை குனிந்து களிம்பு டப்பாக்களை அடுக்கினாள். அவர் நகரவில்லை.

"இப்பக் குடுக்கலேன்னா, சீட்டில்லாம விக்கிற கடைன்னு நாளைக்கு உன் பேரைச் சொல்லிடுவேன்."

அச்சியாவின் கை நின்றது. ஊரே அவர் பேச்சைக் கேட்கும். அவள் பேச்சை யார் கேட்பார்கள்?

"சொல்லிக்குங்க ஐயா," என்றாள், டப்பாக்களிடம்.

அந்த நேரத்தில் மருந்து ஆய்வாளர் உள்ளே வந்தார். அடுசெய் ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க தம்பி. நான்தான் இவளைச் சோதிச்சுக்கிட்டிருந்தேன். பாஸாயிட்டா."

ஆய்வாளர் இழுப்பறைகளைத் திறந்தார், அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார். வாசலில் நின்ற அவருடைய வண்டி நிறைய, மற்ற கடைகளில் பிடித்த டிராமடால் பெட்டிகள்.

அதைப் பார்த்ததும் அடுசெய் ஐயாவுக்கு நொண்டல் வந்தது. நொண்டியபடியே பின்னால் போனார். அச்சியாவுக்கு எல்லாம் கேட்டது.

"தம்பி, இதையெல்லாம் கொளுத்தத்தானே போறீங்க? அதுல ரெண்டு அட்டை…"

சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். சீட்டில்லாமல் வாங்கிய அந்தப் பாதி அட்டை, அதைக் கொடுத்தவளிடம் என்ன சொல்லி வாங்கியது?