கையை விடாத கைத்துப்பாக்கி

விளைவுகளை எண்ணிப் பாராமல் எச்செயலிலும் இறங்காதவர்களுக்கென்று ஒரு தனி விதி உண்டு. அவர்கள் எண்ணத் தவறும் விளைவு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்று, வேறெவர் வீட்டுக்கும் போகாமல், வழி விசாரித்துக்கொண்டு அவர்களிடமே வந்து சேரும். நான் அத்தகையவள். பட்டம் பெற்று வந்த புதிதில், வாசலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்புகூட, அது எந்தப் பக்கம் ஓடும், யார் வழுக்கி விழுவார், விழுந்தவருக்கு யார் பற்றுப் போடுவார் என்று யோசிப்பேன். (யோசித்து முடிப்பதற்குள் வேலைக்காரம்மாள் ஊற்றிக் கோலமும் போட்டிருப்பாள்.) அப்படிப்பட்ட நான், கலெக்டர் முன்னிலையில் என் தாய்மாமனின் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கியை நீட்டிச் சொத்து எழுதி வாங்கினேன் என்று சேலம் ஜில்லா இன்றுவரை நம்புகிறது. நீட்டியது உண்மை. மற்றவை விளக்கத்திற்குரியவை.

சேந்தமங்கலத்தில் அந்நாளில் பெண் குழந்தைகளின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். எட்டாம் வகுப்புவரை ஒரு பள்ளி நடத்த ஆசிரியைகளைத் திரட்டிவிட்டேன், இடம்தான் இல்லை. என் பெரிய மாமாவுக்கு அங்கே ஒரு பருத்திக் கிடங்கு இருந்தது. பல ஆண்டுகளாக அதில் வௌவால்கள் மட்டுமே பயின்றுவந்தன. ஒரு நாள் என் கணவரையும் அழைத்துக்கொண்டு மாமாவிடம் போய், பெண்கல்வியால் சமூகத்துக்கு விளையும் நன்மைகளை வகை பிரித்து எடுத்துரைத்தேன். மாமா ஒரு வெற்றிலை முடித்து மறு வெற்றிலை போடும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“ஏனம்மிணி, அஞ்சாப்போட நிறுத்துனா இப்ப என்ன கொறஞ்சு போச்சு? எங்காத்தா பள்ளிக்கோடத்துப் பக்கமே போனதில்ல. ஆனா அத்தன பண்ணையத்தையும் ஒத்தையா நின்னு பாத்துச்சு.”

அப்படிப்பட்டவர்கள் படித்திருந்தால் கலெக்டர் வேலையே பார்த்திருப்பார்களே என்றேன். பேச்சு முற்றுவதைக் கண்ட என் கணவர், அதை மாற்றுவதாக எண்ணிக்கொண்டு, பங்குனிக் கடைசியில் சேலத்தில் துப்பாக்கிச் சுடும் போட்டி நடக்கப்போவதையும், அதில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரப் பெண்மணிகளுக்கெனத் தனிக் கைத்துப்பாக்கிப் பந்தயம் இருப்பதையும் எடுத்து விட்டார். மாமாவின் கண்கள் மின்னின.

“அப்புடிங்களா மாப்ள? சரி, அம்மிணியும் அந்த வெள்ளக்காரிச்சிகளோட நின்னு சுடட்டும். மொதப் பரிசு வாங்கிட்டு வந்தா கெடங்குச் சாவிய நானே கையில குடுத்தர்றேன். இல்லீனா இந்தப் பேச்ச இத்தோட உட்டரோணும்.”

பிறகு என் கையைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். என் கைகள் மிகச் சிறியவை. கல்லூரியில் நான் மேடையில் கையை உயர்த்தி முழங்கும்போது, பின்வரிசையினர் நான் கை உயர்த்தியதாகவே அறிய மாட்டார்கள்.

கதர் உடுத்தும் ஒருத்தி துப்பாக்கி எடுக்கலாமா என்று முதலில் ஆராய்ந்தேன். சுடப்படுவது காகித அட்டை, அதற்கு உயிரில்லை. (காகிதம் செய்ய மூங்கில் வெட்டியிருப்பார்களே என்ற உறுத்தல் சில நாள் இருந்தது.) வக்கீலான என் கணவரிடம் துப்பாக்கி உரிமம் இருந்தது. காட்டுப்பன்றிகளுக்கு அஞ்சி வாங்கியது. காட்டுப்பன்றிகள் இன்றளவும் சௌக்கியம். ஆகவே போட்டிக்கேற்ற துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே மீதி.

நூலகத்தில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். பிடி உள்ளங்கையில் அமரும்போது குழல் முன்கையோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அந்நிலையில் ஆள்காட்டி விரல் நுனியின் சதைப்பற்று, நீட்டி வலிக்காமல் விசையின்மேல் படிய வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு எளிது. நாமக்கல்லில் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் முதலில் தம் ரிவால்வரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதைப் பிடித்தால் விசை எட்டவில்லை. விசையை எட்டினால் பிடி கையில் திரும்பி, குழல் பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்தை நோக்கியது. அதன் கனத்தில் என் கை தாழ்ந்து தாழ்ந்து, அந்த ஆயுதம் எதிரில் இருப்பவர் யாராயினும் அவர் பாதத்தை வணங்கி நின்றது. சுபேதார் அதை மரியாதையோடு திரும்ப வாங்கிக்கொண்டார்.

அடுத்து, பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்னஞ்சிறு பிஸ்டல் ஒன்று வந்தது. கைக்கு வெகு பொருத்தம். ஆனால் குழல் கட்டைவிரல் நீளமே இருந்ததால், எதைக் குறிவைத்தாலும் அதற்கு அடுத்ததன்மேல் பட்டது. அடுத்ததைக் குறிவைத்துப் பார்த்தேன். அது அதற்கும் அடுத்ததன்மேல் பட்டது.

கடைசியாகச் சென்னைக் கடை ஒன்றுக்கு எழுதினோம். கையுறை அளவு என்னவென்று கேட்டுப் பதில் வந்தது. எங்கள் பக்கத்தில் கையுறை போட்டவரை யார் கண்டார்கள்? நன்கு சிந்தித்து, வளையல் அளவு இரண்டேகால் என்று எழுதி அனுப்பினேன். தாங்கள் வளையல் விற்பதில்லை என்று பணிவுடன் எழுதியிருந்தார்கள். எப்படியோ முடிவில் ஒரு துப்பாக்கி வந்து சேர்ந்தது: நீண்ட குழல், ஒரு தடவைக்கு ஒரே தோட்டா, அதிக கனமில்லை, குறி அப்பழுக்கற்றது. பிடி மட்டும் ஆறடி மனிதன் ஒருவனின் உள்ளங்கைக்கென்றே கடைந்தது.

தெருக்கோடி ஆசாரியை வரவழைத்துப் பிடியின் இரு பக்க மரத்தையும் இழைக்கச் சொன்னேன். என் உற்சாகம் அவரையும் தொற்றிக்கொண்டது. நான் போதும் என்றால் அவர் இன்னும் கொஞ்சம் என்பார். அவர் போதும் என்றால் நான் இன்னும் கொஞ்சம் என்பேன். இருவரும் ஒரே சமயத்தில் போதும் என்றபோது மரம் அட்டைபோல் இளைத்திருந்தது. விரல் இப்போது விசையை எட்டியது. ஆனால் சுட்டவுடன் துப்பாக்கி, குழம்பில் விட்ட அகப்பைபோல் உள்ளங்கையில் சுழன்றது.

அப்போதுதான் என் மாமனாரின் பொய்ப்பற்கள் என் சிந்தனையைத் தூண்டின. சேலத்துப் பல் வைத்தியர் மெழுகைக் கடிக்கச் சொல்லி அச்செடுத்து, அவர் வாய்க்கென்றே செய்து கொடுத்தவை அவை. மெழுகில் வாயின் அச்சு விழுமானால் கையின் அச்சு விழாதா? கொல்லிமலையிலிருந்து சந்தைக்கு வரும் தேன்மெழுகை வாங்கி, குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டு உருக்கி, இளஞ்சூட்டில் பிடியின்மேல் பூசி, ஆறும்வரை இறுகப் பற்றிக்கொண்டு நின்றேன். என் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

“ஊடு பூரா சாம்பிராணி போட்டாப்புல மணக்குதே, இன்னிக்கு என்ன விசேசம்?”

“இது விஞ்ஞானமுங்க” என்றேன்.

அது தை மாதம். காலைக் குளிரில் அந்தப் பிடி கல்போல் இறுகியிருந்தது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம். உள்ளங்கை ரேகைகூட அதில் பதிந்திருந்தது. கிணறு வெட்டிய மண்மேட்டின் முன் அட்டையை நிறுத்தி நாள்தோறும் சுட்டேன். குண்டுகள் ஒன்றன் துளைக்குள் ஒன்று போயின. துப்பாக்கி என் கையின் உறுப்பாகவே ஆகிவிட்டது என்று காண்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். இத்தகைய வாக்கியங்களை மேலே யாரோ குறித்துக்கொள்கிறார்கள்.

போட்டி நாளில் ஏற்காட்டு மலையடிவாரத்து மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் வெள்ளைக்காரக் கலெக்டர், அவருக்குப் பக்கத்து நாற்காலியில், நான் தோற்பதைக் கண்ணாரக் காணத் தலையில் ஜரிகை உருமாலையோடு வந்திருந்த மாமா. துப்பாக்கிகளையெல்லாம் திறந்து மேசைமேல் கிடத்த வேண்டும் என்பது விதி. பந்தலின் நிழல் மேசைவரை வரவில்லை. ஆண்களின் பந்தயம் நீண்டுகொண்டே போயிற்று. காலையில் வைத்த என் துப்பாக்கி, உச்சிவெயில் முழுவதையும் குடித்துக்கொண்டு அங்கே கிடந்தது. போட்டியன்று காற்றடித்தால், மழை பெய்தால், தோட்டா நனைந்தால், எனக்குத் தும்மல் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் நான் ஏற்பாடு செய்திருந்தேன். சேலத்தில் பங்குனி மாதம் வெயில் அடிக்கும் என்பது மட்டும் என் ஆராய்ச்சிக்குள் வரவில்லை.

எங்கள் முறை வந்து துப்பாக்கியை எடுத்தபோது பிடி வெதுவெதுப்பாகக் குழைந்து, பழைய நண்பரைப்போல் என் கையைப் பற்றிக்கொண்டது. சாம்பிராணி மணம் கமழ்ந்தது. பக்கத்தில் நின்ற தோட்டத்துப் பெண்மணி, நான் என்ன வாசனைத் திரவியம் பூசியிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஆவலோடு விசாரித்தார். சுட ஆரம்பித்தேன். அன்று சுட்டதுபோல் நான் என்றுமே சுட்டதில்லை. கை நடுங்கவே இல்லை. நடுங்குவதற்கு அதற்கு இடமில்லை. இடக்கையால் தோட்டாவை மாற்றுவதும் வலக்கையால் சுடுவதுமாக, அட்டையின் நடுவட்டம் சல்லடையாயிற்று. மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

கடைசித் தோட்டா. இதற்குள் உருகிய மெழுகு வழிந்து விசைக்கே போய்விட்டிருந்தது. கையை உயர்த்திக்கொண்டிருக்கும்போதே, ஒட்டிய விரல் விசையை இழுத்துவிட்டது. குண்டு அட்டைக்கு வெகு கீழே மண்ணில் பாய்ந்தது. வாசனை விசாரித்த பெண்மணிக்கு முதல் இடம்; எனக்கு இரண்டாம் இடம்.

கிடங்கு போயிற்று. பள்ளி போயிற்று. ஆசிரியைகளுக்கு என்ன பதில் சொல்வேன்? இருப்பினும் விதிப்படி துப்பாக்கியைத் திறந்து காலி செய்து மேசைமேல் வைத்தேன். அதாவது, கையை மேசைமேல் வைத்தேன். கையை எடுத்தேன், துப்பாக்கியும் உடன் வந்தது. உதறினேன். வரிசையாக நாலைந்து பேர் தரையில் படுத்தார்கள். மேற்பார்வை செய்த ராணுவ அதிகாரி ஆயுதத்தைக் கீழே வைக்குமாறு ஆங்கிலத்தில் உத்தரவிட்டார். இயலவில்லை என்று இலக்கண சுத்தமாகப் பதில் சொன்னேன். அதை அவர் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொண்டு முகம் வெளுத்தார்.

அந்தக் குழப்பத்திலும் என் மனச்சாட்சி வேலை செய்தது. தோற்றதை நானே மாமாவிடம் ஒப்புக்கொள்வதே முறை என்று தோன்றியது. நேரே பந்தலை நோக்கி நடந்து அவர் முன்னால் நின்றேன். பேசத் தொடங்கினால் என் வலக்கை தானாகவே முன்னே நீளும், மேடைப் பழக்கம்.

“மாமா,” என்றேன், “அந்தக் கெடங்கு விசயமா…”

மாமா இரண்டு கைகளையும் உருமாலைக்கு மேலே தூக்கினார்.

“குடுத்தர்றேன் அம்மிணி. கெடங்கு உனக்குத்தான். அத மொதல்ல கீழ வை சாமி.”

“வெக்க முடியலீங்க மாமா.”

“முடியாதுங்கறாளே” என்று கலெக்டரைப் பார்த்துப் பரிதாபமாகச் சொன்னார். மறுபடி என்னிடம், “பக்கத்துக் காலி எடத்தையும் எடுத்துக்க.”

“ஐயோ, அதில்லீங்க மாமா, இது கையை உட்டு வரவே மாட்டீங்குது.”

“கெணத்தையும் சேத்து எடுத்துக்க” என்றார் மாமா.

தாசில்தார் இவற்றையெல்லாம் கலெக்டருக்கு மொழிபெயர்த்தார். பயத்தில் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பது எனக்குத் தெரியாது. கலெக்டர் எழுந்து, பெண்கல்விக்காகக் கிடங்கும் நிலமும் கிணறும் வழங்கிய பெருந்தகையின் கரத்தைப் பற்றிக் குலுக்கினார். ஒரு கரம் மட்டுமே கீழே இறங்கி வந்தது. மற்றது உயர்ந்தபடியே இருந்தது.

என் கணவர் சர்பத் கடையிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டிகளை வாங்கி வந்து, வாளியில் போட்டு, என் கையையும் துப்பாக்கியையும் அதில் அமிழ்த்தினார். மெழுகு இறுகிப் படீரென்று விட்டது. கூடவே உள்ளங்கைத் தோலும் கொஞ்சம்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு சேந்தமங்கலத்துக்குப் போனேன். அச்சத்தின் பேரில் பெற்ற வாக்குறுதி அறத்தின்படி செல்லாது. துப்பாக்கியும் காலியாகவே இருந்தது. நான் வந்ததோ இரண்டாவதாக. ஆகவே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று, இம்முறை கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சொன்னேன். மாமா அவசரமாக எழுந்து வாசல் கதவைச் சாத்தினார்.

“காலியா இருந்துச்சுன்னு வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இன்னும் இல்லீங்க.”

“சொல்லிப் போடாத. நானா மனசு வந்து குடுத்தேன்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்குக் கோயிலுக்கு, சத்திரத்துக்குன்னு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. நீ துப்பாக்கியக் காட்டுன, நான் குடுத்தேன். அப்புடியே இருக்கட்டும் அம்மிணி. எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது.”

மனமாரத்தான் கொடுத்தாரா என்று வெளியே வரும்போது கேட்டேன். பொம்பளப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் வௌவால் நாற்றம் அடிக்கக் கூடாதென்று ஏற்கெனவே சுண்ணாம்பு அடிக்க ஆள் விட்டிருப்பதாக மட்டும் சொன்னார்.

உண்மையை மறைப்பதா, ஊரின் வதந்தியைச் சகிப்பதா என்று நான் சீர்தூக்கிக்கொண்டிருக்கையிலேயே பள்ளி திறந்து, முதலில் சேர்ந்த மாணவிகள் எட்டாம் வகுப்பும் தேறிவிட்டார்கள். ஊரில் அதைத் ‘துப்பாக்கிப் பள்ளிக்கூடம்’ என்பார்கள். அரசாங்கம் வைத்த பெயரைச் சொன்னால் வண்டிக்காரருக்கு வழி தெரியாது. எங்கள் குடும்பத்திலோ, எவரிடம் எவர் எதைக் கேட்டாலும், “குடுக்கறீங்களா, கையை நீட்டட்டுங்களா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆண்டு விழாவில் நான் பேச எழுந்து வலக்கையை நீட்டும்போதெல்லாம், முன்வரிசையில் இருக்கும் என் கணவர் சத்தமின்றித் தம் இரு கைகளையும் தூக்குவார். சென்ற விழாவில் புதுக் கூரைக்கு நன்கொடை வேண்டிப் பேசினேன். அவர் தூக்கினார். ஊருக்குப் புதிதாக வந்த அரிசி ஆலை முதலாளி, இது இவ்வூர்ச் சபை மரியாதை போலும் என்று எண்ணித் தாமும் இரு கைகளையும் தூக்கினார். தலைமையாசிரியை அதை முழுக் கூரைக்கான சம்மதமாகக் கொண்டு அப்போதே அறிவித்துவிட்டாள். இது நன்கொடையா, மிரட்டலா என்பதை நான் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். கூரை போட்டாகிவிட்டது.